வாயில் குண்டூசி

செப்டம்பர் 29, திங்கள்

காலையில் புகைமூட்டம், மதியம் மழை, இப்போது இரண்டும் இல்லாத வெறும் வியர்வை. ரெசிடென்சியில் ஐந்தாவது வாரம். கட்டுரையில் இதுவரை எழுதியது: தலைப்பு, என் பெயர், பக்க எண். பக்க எண்ணைக் கம்ப்யூட்டர் போட்டது.

பெண்ணுரிமை, மனித உரிமை என்று அலைகிறவர்களுக்கு மூன்று மாதம் கோலாலம்பூரில் யூனிவர்சிட்டி கேம்பஸில் அறை. ஓய்வெடுங்கள், யோசியுங்கள், எழுதுங்கள் என்றார்கள். இருபது வருடம் போலீஸ் ஸ்டேஷன் பெஞ்சிலும் கோர்ட் வராந்தாவிலும் உட்கார்ந்து தேய்ந்த பின்பக்கத்துக்கு முதல் தடவையாகச் சுழல் நாற்காலி. சுழல்கிறேன். எழுதவில்லை.

மொத்தம் நாங்கள் நான்கு பேர். ஜகார்த்தாக்காரி தூங்குகிறாள். மணிலாக்காரி நீச்சல் குளத்தில். சபாக்காரர் நிஜமாகவே எழுதுகிறார். அவரை எங்களுக்குப் பிடிக்காது.

அறைக் கதவில் இரண்டு ஸ்டிக்கர். மேலே: "இது பாதுகாப்பான இடம்." கீழே: "வெளியாட்களுக்கு அனுமதி இல்லை."

இந்த அறையைத் தந்த மையத்தின் இயக்குநர் நம்மவர்தான். தமிழ் பேச வராது. அவர் கட்டும் கைத்தறிச் சேலைதான் அவருக்காகத் தமிழ் பேசும். எனவே இங்கே அவர் பெயர் பருத்திச் சேலை.

பெயர் எழுதாதது பழக்க தோஷம். கிள்ளானில் முறுக்குக் கடைக்கு மேல்மாடியில் எங்கள் பெண்கள் குழு. உதவி கேட்டுப் படியேறி வரும் எந்தப் பெண்ணின் பெயரையும் எதிலும் எழுதுவதில்லை. காய்கறிப் பெயர்தான். கத்தரி, மொச்சை, பாகல். புருஷன்மாருக்கு எலி, கொசு, கரப்பான். இத்தனை வருடத்தில் ஒரு பெயர்கூட வெளியே போனதில்லை. சொந்த டைரியிலும் கை அப்படித்தான் ஓடுகிறது.

நாளைக்கு:
– பிரஷர் மாத்திரை
– மாணவர்களுக்கு வகுப்பு: "சம்மதம் கேட்பது எப்படி"
– தையல்காரி இஞ்சிக்குப் போன். தீபாவளி ப்ளௌஸ். கைப்பக்கம் ஒரு இன்ச் விடச் சொல்ல வேண்டும். இல்லை, இரண்டு.

செப்டம்பர் 30, செவ்வாய்

வகுப்பு பிரமாதம். நானே சொல்லக்கூடாது, வேறு யாரும் சொல்லாததால் சொல்கிறேன்.

எங்கள் குழுவின் மூன்று தடவை விதியை விளக்கினேன். ஒரு பெண்ணின் கதையையோ படத்தையோ வெளியே கொண்டுபோகுமுன் அவளை மூன்று தடவை கேட்க வேண்டும். இன்றைக்கு ஒன்று. சில நாள் கழித்து ஒன்று. வெளியாகும் அன்று ஒன்று. முதல் தடவை "சரி" என்பது நமக்காக. நாம் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போயிருப்போம், சோறு வாங்கிக் கொடுத்திருப்போம், எப்படி இல்லை என்பாள்? மூன்றாவது தடவை சொல்வதுதான் அவளுடைய பதில். பிள்ளைகள் கை தட்டினார்கள். ஒரு சீனப் பெண் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். நான் உயரத்தில் ஒரு அடி கூடிவிட்டேன்.

பிறகு பருத்திச் சேலை காப்பிக்குக் கூப்பிட்டார். எல்லாம் ஆங்கிலத்தில். அக்டோபர் 16, பாதிக் காலம் முடிந்ததற்கு ஒரு நிகழ்ச்சி இருக்கிறதாம். எனக்கு இருபது நிமிடம். கூடவே மேடையில் ஒரு "சர்வைவர்", அதாவது அடிபட்டு மீண்டு வந்த ஒருத்தி, ஐந்து நிமிடம் வந்து நின்றால் கூட்டத்துக்கு மனசில் நிற்குமாம்.

"வரமாட்டார்கள்," என்றேன்.

"நீங்கள் விண்ணப்பத்தில் வைத்திருந்தீர்களே, அந்தத் தையல்காரப் பெண்ணின் படம்? எவ்வளவு அழகான படம்!"

"அது விண்ணப்பத்துக்கு மட்டும்."

அவர் சிரித்தார். என் மாமியார் "நீ சொல்றதும் சரிதான்" என்று சொல்லிவிட்டுத் தன் இஷ்டப்படி செய்யப் போகும்போது சிரித்த அதே சிரிப்பு. எனக்கு லேசாக உறைக்கத்தான் செய்தது. நான் கேக்கில் கண்ணாக இருந்தேன். பாண்டான் கேக். இரண்டு துண்டு.

அக்டோபர் 2, வியாழன்

எழுத்து கோழி கிளறிய மாதிரி.

கேன்டீன் வாசலில் போஸ்டர். ஆள் உயரம். என் பெயர், தேதி, நடுவில் அந்தப் படம். தையல் மிஷின் முன்னால் இஞ்சி. முகத்தை மட்டும் மங்கலாக்கியிருக்கிறார்கள், எவ்வளவு கவனம்! பின்னால் சுவரில் கடையின் காலண்டர் பளிச்சென்று. கடைப் பெயர், பிரிக்பீல்ட்ஸில் எந்தச் சாலை, எத்தனையாவது மாடி, போன் நம்பர். நம்பரைக் கண்ணாடி இல்லாமல் நானே படித்தேன். எனக்குக் கண்ணாடி இல்லாமல் என் சொந்தக் கையே தெரியாது.

இஞ்சி ஒன்றரை வருடமாக அந்தக் கடையில் ஒளிந்திருக்கிறாள். அவள் புருஷன் பெருச்சாளி கிள்ளான்காரன். செலாயாங் மார்க்கெட்டிலிருந்து காய்கறி ஏற்றும் லோரி ஓட்டுகிறான். அவள் மணிக்கட்டை இரண்டு தடவை உடைத்தவன். தைக்கிறவளின் மணிக்கட்டை. அவள் கோலாலம்பூரில் இருக்கிறாள் என்பதே அவனுக்குத் தெரியாது. இன்று காலைவரை.

நிகழ்ச்சிகளைக் கவனிக்கும் ஆயிஷாவிடம் ஓடினேன். நல்ல பிள்ளை, இருபத்தாறு வயது. "காக், முகம் தெரியலையே! எதிக்ஸ் கமிட்டியே பார்த்து ஓகே சொல்லிட்டாங்க," என்றாள் மலாயில். காக் என்றால் அக்கா. காலண்டரைக் காட்டினேன். அவள் முகமும் மங்கலானது. எடுக்க வேண்டுமானால் ஈமெயில் எழுத வேண்டும். கமிட்டி திங்கட்கிழமை கூடும்.

திங்கட்கிழமை!

அப்போது வீட்டுக்காரரின் மெசேஜ். அதே போஸ்டர், கூடவே மூன்று கும்பிடு. மையத்தின் ஃபேஸ்புக் பக்கத்தில் நேற்றே போட்டிருக்கிறார்கள். போன் போட்டேன்.

"என்னங்க, இதை யாருக்காச்சும் அனுப்புனீங்களா?"

"பின்ன? பொண்டாட்டி பேரு யூனிவர்சிட்டில பெருசா போட்டிருக்கான், அனுப்பாம இருப்பேனா? கோயில் கமிட்டி குரூப்ல போட்டேன். தலைவரே கை தட்டுனாரு தெரியுமா?"

"எத்தனை பேரு அந்தக் குரூப்ல?"

"இருநூறு இருக்கும். ஏன்?"

"அழிங்க. இப்பவே."

"நேத்தே போட்டது மல்லி, எல்லாரும் பார்த்துட்டாங்க. ஏன்லா கத்துற, நல்லதுதானே பண்ணேன்?"

பெருச்சாளியின் அண்ணன் அந்தக் கமிட்டியில் பூசைப் பொருள் வாங்குகிறவன். இருபத்தெட்டு வருடக் கல்யாண வாழ்க்கையில் இந்த மனுஷன் என் வேலையைப் பற்றி ஒரு தடவையாவது பெருமைப்பட மாட்டாரா என்று ஏங்கியிருக்கிறேன். பட்டார். நேற்று.

இஞ்சிக்கு நான் போன் செய்யவில்லை. இதையும் எழுதிவைக்க வேண்டும். நாலு தடவை போனை எடுத்தேன், நாலு தடவை கீழே வைத்தேன். பயம். அவனிடம் இல்லை, அவளிடம்.

அக்டோபர் 3, வெள்ளி

மழை. அவளே கூப்பிட்டாள்.

காலை பத்தரைக்குக் கடைக்குப் போன் வந்திருக்கிறது. கடை முதலாளி அக்கா கத்தரிக்கோலோடு இருந்ததால் இஞ்சி எடுத்திருக்கிறாள். ஆம்பளைக் குரல். "கடை எத்தனை மணி வரைக்கும்?" அவ்வளவுதான். இவள் பதில் சொல்லவில்லை. அவனும் வைக்கவில்லை. மூச்சு மட்டும் கேட்டதாம். பிறகு, "தீபாவளி நேரம், லேட்டாகும் இல்ல?"

"அவன்தான் அக்கா. எனக்குத் தெரியாதா அவன் மூச்சு?"

நான் எல்லாவற்றையும் சொன்னேன். போஸ்டர், காலண்டர், என் வீட்டுக்காரர், கோயில் குரூப். அவள் குறுக்கே பேசவே இல்லை. குறுக்கே பேசியிருந்தால் தாங்கியிருப்பேன்.

"அந்தப் போட்டோ நீங்க எடுத்தது."

"ஆமா."

"என்னைக் கேட்டீங்களா?"

"கேட்டேனேம்மா. நீ தலையாட்டினியே..."

"வாயில குண்டூசி வச்சிருந்தேன் அக்கா. ஒரு ஆன்டிக்கு ஃபால்ஸ் குத்திக்கிட்டிருந்தேன். வாயில ஆறு ஊசி. எப்படிப் பேசுவேன்? நீங்க 'எடுக்கவா'ன்னீங்க, கிளிக்குன்னு எடுத்துட்டீங்க. அப்புறம் வடை சாப்பிடப் போயிட்டீங்க."

உண்மை. வடை வரைக்கும் உண்மை. விண்ணப்பப் படிவத்தில் "உங்கள் சமூகத்தோடு ஒரு படம்" என்று கேட்டிருந்தது. கடைசி நாள். வெளிச்சம் நன்றாக இருந்தது. என் மூன்று தடவை விதியில் ஒரு தடவைகூட முழுதாக இல்லை, முக்கால். செவ்வாய்க்கிழமை அதே விதிக்கு நான் கைதட்டல் வாங்கியிருக்கிறேன்.

யார் மேல் எவ்வளவு கோபம், வரிசையாக:
1. பெருச்சாளி
2. நான்
3. பருத்திச் சேலை
4. கமிட்டி (திங்கட்கிழமை!)
5. வீட்டுக்காரர்
6. காலண்டர் அடித்தவன், பாவம், அவ்வளவு பெரிய எழுத்தில்

மத்தியானத்துக்கு மேல் 2 மேலே போய்விட்டது.

அக்டோபர் 4, சனி

போஸ்டர்களைக் கிழித்தேன். மொத்தம் பத்தொன்பது. கேன்டீன், நூலகம், பஸ் நிறுத்தம், லிஃப்ட் இரண்டு, பெண்கள் கழிவறைக் கதவின் உள்பக்கம் (உட்கார்ந்தால் கண்ணுக்கு நேரே காலண்டர்).

தனியாக இல்லை. எங்கள் கட்டடத்தைச் சுத்தம் செய்யும் லூர்து அக்கா கூட வந்தார். காஜாங் பக்கம் தோட்டத்தில் பிறந்தவர், ஞாயிறு பூசைக்கு முதல் வரிசை. இந்தக் கேம்பஸில் இருக்கும் எல்லாரும் அவருக்கு டீச்சர்.

"என்னா டீச்சர், உங்க போஸ்டரை நீங்களே கிழிக்கிறீங்க?"

சொன்னேன். அவர் கையுறையை மாட்டினார்.

"உங்களுக்கு நகம் போயிடும். தள்ளுங்க. டேப்புக்குச் சுடுதண்ணி வேணும்."

"உங்க வேலைக்குப் பிரச்சினை வராதாக்கா?"

"சுவத்தைச் சுத்தம் பண்றதுதானே என் வேலை? யாரும் கேட்டா சுத்தமாச்சா இல்லையான்னு கேக்கட்டும்."

மையத்தின் பக்கத்திலிருந்து ஆயிஷா படத்தைத் தூக்கிவிட்டாள், யாரையும் கேட்காமல். "காக், நான் செஞ்சேன்னு சொல்லாதீங்க." சொல்லவில்லை. இங்கே எழுதுவது கணக்கில் வராது.

மாலை ஐந்துக்குப் பருத்திச் சேலையின் ஈமெயில். பொருள்: "சொத்துக்குச் சேதம்." இணைப்பில் சிசிடிவி படம். அதில் நான் கழிவறை வாசலில் கிழித்த தாளோடு, வாய் திறந்தபடி. தாடைக்குக் கீழே இன்னொரு தாடை. என் முகத்தை மட்டும் யாரும் மங்கலாக்கவில்லை.

அக்டோபர் 6, திங்கள்

இஞ்சியோடு போலீஸ் ஸ்டேஷன். அவன் அவளை நெருங்கக்கூடாது என்ற பழைய பாதுகாப்பு உத்தரவு முடிந்துவிட்டது. புதிதாக வாங்க வேண்டுமானால் முதலில் ரிப்போர்ட்.

பெஞ்சில் எங்களுக்கு நடுவில் அவள் கைப்பையை வைத்தாள். சின்னப் பைதான். ஆனால் வைத்த விதம் இருக்கிறதே.

மேசையில் இருந்த போலீஸ் சார்ஜன்: "கடை எத்தனை மணி வரைக்கும்னு கேட்டான். அது குற்றமா, காக்?"

"கேட்டவன் யார் என்பதுதான் குற்றம், துவான்."

"மிரட்டினானா?"

"மூச்சு விட்டான்," என்றாள் இஞ்சி மலாயில்.

அவர் பேனாவைக் கீழே வைத்தார். நான் வாயைத் திறந்தேன், இஞ்சி என் முழங்கையைப் பிடித்து அழுத்தினாள். பிறகு தன் வலது கையை மேசை மேல் வைத்து மணிக்கட்டைத் திருப்பிக் காட்டினாள். எலும்பு கோணலாகச் சேர்ந்த இடம். சார்ஜன் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுப் பேனாவை எடுத்தார். ரிப்போர்ட் எழுத ஒரு மணி நேரம். உத்தரவுக்கு மனு போட வெல்ஃபேர் ஆபீசில் தீபாவளிக்குப் பிறகு தேதி. அவனுக்குத் தீபாவளிக்குப் பிறகு என்று யாரும் தேதி கொடுக்கவில்லை.

கமிட்டி இன்று கூடியது. "படத்தைத் திரும்பப் பெறுவது பற்றி அடுத்த கூட்டத்தில் பரிசீலிக்கப்படும்." படம் சனிக்கிழமையே குப்பைத்தொட்டிக்குப் போய்விட்டது. பரிசீலியுங்கள்.

அக்டோபர் 7, செவ்வாய்

வந்துவிட்டான்.

மதியம் பன்னிரண்டு மணி, கடை நிறையக் கூட்டம், ப்ளௌஸ் அவசரம். இஞ்சி அப்போது திரைக்குப் பின்னால் அளவு பார்க்கும் அறையில், ஒரு அம்மா முதுகில் ஊக்கு மாட்டிக்கொண்டு. கடை முதலாளி அக்கா அப்புறம் என்னிடம் சொன்னது:

"படியேறி வந்தான்லா. நல்லா குளிச்சு, வெள்ளைச் சட்டை, விபூதி. எம்மாம் மரியாதை! 'அக்கா, இங்க என் வைஃப் வேலை செய்றா இல்ல?'ன்னான். நான் டேப்பைக் கழுத்துல போட்டுக்கிட்டு, 'இங்க நானும் மிஷினும்தான் தம்பி. உங்களுக்கு ஜிப்பா வேணுமா, அளவு எடுக்கவா?'ன்னேன். சிரிச்சான். 'தீபாவளிக்கு வீட்டுக்கு வரச் சொல்லுங்க. எல்லாரும் எதிர்பார்க்கிறோம்'னு சொல்லிட்டு ஒரு பாக்கெட் ஜிலேபி வச்சுட்டுப் போனான்."

"ஜிலேபி?"

"ஜிலேபிலா. நான் தொடல. குப்பையில போட்டேன், எறும்பு வந்துச்சு, எறும்புக்கு என்னா தெரியும்."

பிறகு ஒரு மணி நேரம் எதிர்ப்பக்கம் பூமாலைக் கடை வாசலில் நின்றிருக்கிறான். திரைக்குப் பின்னால் இஞ்சி அந்த அம்மாவின் முதுகைப் பிடித்தபடியே நின்றிருக்கிறாள். அந்த அம்மாவும் நகராமல், கேள்வி கேட்காமல், பாதி ப்ளௌஸோடு நின்றிருக்கிறார். யாரென்று தெரியாது. அந்த அம்மாவுக்கு ஏதாவது செய்ய வேண்டும் போல இருக்கிறது.

நான் உடனே களத்தில் குதித்தேன். ஜொகூரில் தெரிந்த காப்பகம், ஒரு படுக்கை, நாளைக் காலை வேன், எல்லாம் நாற்பது நிமிடத்தில். எனக்கே என் மேல் பெருமை. பின்வாசல் வழியாக அவளை ரயில் நிலையத்துக்குக் கூட்டி வந்து சொன்னேன்.

"என்னைக் கேட்டீங்களா?"

இரண்டாவது தடவை அதே கேள்வி. நான் என்ன ஜென்மமோ.

"அங்க பாதுகாப்பு இருக்கும்மா."

"முப்பத்தெட்டு ப்ளௌஸ் இருக்கு அக்கா. அட்வான்ஸ் குடுத்தவங்க மட்டும் இல்ல, என்னைத் தேடி வர்றவங்க. ஒரு தடவை எல்லாத்தையும் விட்டுட்டு ஒரு நைட்டியோட ஓடி வந்தேன். ரெண்டு தடவை ஓடமாட்டேன். மிஷினை விட்டுட்டு எங்கயும் வரமாட்டேன்."

"பின்ன எங்கதான் போவ?"

அவள் கொஞ்சம் யோசித்தாள். கிள்ளான் ரயில் வந்து, நின்று, போனது.

"உங்க ரூம்ல பிளக் பாயிண்ட் இருக்கா?"

அக்டோபர் 8, புதன்

பிளக் பாயிண்ட் ஆறு. மேசை பெரிது. ஐந்து வாரமாக நான் முழங்கையை வைத்துக் கொட்டாவி விட்ட மேசையில் இப்போது மிஷின்.

உள்ளே கொண்டுவந்த கதை: வாசலில் காவலுக்கு நிற்கும் ஜாகா வழிமறித்தார். வெளியாட்களுக்கு அனுமதி இல்லை. நான் ஐநா சபை பேச்சுக்குத் தயாரானேன், அதற்குள் லூர்து அக்கா வாளியோடு வந்து, "அங்கிள், திரைச்சீலை தைக்க ஆள் வந்திருக்கு. மூணாம் மாடி முழுக்கக் கிழிஞ்சு தொங்குது. விசிட்டர் வர்றாங்க இல்ல, பதினாறாம் தேதி?" ஜாகாவே மிஷினைத் தூக்கி லிஃப்டில் வைத்தார். இஞ்சி இரண்டு திரைச்சீலைக்கு உண்மையாகவே ஓரம் அடித்துக் கொடுத்துவிட்டாள். பொய் சொன்னால் அவளுக்குத் தூக்கம் வராதாம்.

கதவைப் பூட்டி, தாழ் போட்டு, தாழை இரண்டு தடவை இழுத்துப் பார்த்தாள். ஸ்டிக்கரைப் படித்தாள்.

"பாதுகாப்பான இடம்னு எழுதியிருக்கு."

"ஆமா."

"எழுதினா போதுமா?" என்று நாற்காலியைக் கதவுக்கு முட்டுக் கொடுத்தாள். சுழல் நாற்காலி, உருண்டு வந்துவிட்டது. இரண்டு பேரும் சிரித்தோம். அப்புறம் அவள் சிரிப்பை நிறுத்திக்கொண்டாள், இன்னும் என் மேல் கோபமாக இருப்பது ஞாபகம் வந்து.

அக்டோபர் 10, வெள்ளி

மிஷின் சத்தத்தில் எழுத்து வருகிறது! ஒரே மூச்சில் பதினோரு பக்கம். குண்டூசி, காலண்டர், கோயில் குரூப், சார்ஜன், திரைக்குப் பின்னால் நின்ற அம்மா. இதுவரை நான் எழுதியதில் இதுதான் நல்லது. எல்லாம் அவளுடையது.

கேட்டேன். முதல் தடவை. அவள் பட்டன் தைக்கும்போது, வாய் காலியாக இருக்கும்போது, சரிபார்த்துவிட்டு.

"பதினாறாம் தேதி இதைப் பேசலாமா? உன் பேரு இல்லாம, கடை இல்லாம, ஊரு இல்லாம."

"பேசுங்க லா," என்றாள், நூலைப் பல்லால் கடித்து.

எனக்கு உள்ளுக்குள் மேளம். அடுத்த நொடியே என் வகுப்பு ஞாபகம் வந்தது. முதல் தடவை "சரி" என்பது நமக்காக. அவள் என் அறையில் இருக்கிறாள், என் கட்டிலில் தூங்குகிறாள் (நான் தரையில், இடுப்பு போச்சு). எப்படி இல்லை என்பாள்?

அக்டோபர் 13, திங்கள்

பருத்திச் சேலை கூப்பிட்டார். நான் மன்னிப்பு எதிர்பார்த்துப் போனேன், வழியில் பெருந்தன்மையாக ஏற்றுக்கொள்ளும் முகத்தைக்கூடத் தயார் செய்திருந்தேன்.

நடந்தது எல்லாருக்கும் "கற்றுக்கொள்ளும் தருணம்" என்றார். அதைப் பற்றியே 16ஆம் தேதி பேசலாமே என்றார். சம்மதத்தின் சிக்கல்கள். "அந்தப் பெண் இப்போது எங்கே? அவர் வந்தால் இன்னும் ஆழமாக இருக்கும்."

"அவ எங்க இருக்கான்னு தெரிஞ்சுக்கிறதுக்குக் கிள்ளான்ல ஒருத்தன் ஜிலேபியோட அலையறான். நீங்க கேக்கோட அலையறீங்க."

தமிழில் சொன்னேன். அவருக்குப் புரியவில்லை என்று நினைத்தேன். முகம் சிவந்தது. புரிகிறது! இத்தனை வாரமாகப் புரிந்துகொண்டே இருந்திருக்கிறது! முதல் வாரத்தில் லூர்து அக்காவிடம், இவர் எதிரிலேயே, இவர் சேலையைப் பற்றி லிஃப்டில் நான் சொன்னதெல்லாம்... அலாமாக்.

"என்னையும் மேலிடத்தில் கேள்வி கேட்பார்கள், மல்லிகா," என்றார் கடைசியில், தமிழில், தட்டுத்தடுமாறி. "எல்லாருக்கும் ஒரு முகம் காட்ட வேண்டியிருக்கு." ஒரு நொடி பாவமாக இருந்தது. ஒரே நொடி. முகம் உங்களுடையதைக் காட்டுங்கள் அம்மா.

வெளியே ஆயிஷா. "காக், மூணாம் மாடியில மிஷின் சத்தம் கேக்குதுன்னு சபாக்காரர் புகார் சொன்னாரு. குளிர்சாதனத்துல கோளாறுன்னு சொல்லிட்டேன்." கண் சிமிட்டவில்லை, ரொம்ப சீரியஸாகச் சொன்னாள். "பதினாறாம் தேதிக்கு அப்புறமும் கோளாறு இருக்கும், இல்லையா?" இருக்கும் என்றேன்.

சாயங்காலம், இரண்டாவது தடவை கேட்டேன்.

இஞ்சி ப்ளௌஸைத் திருப்பிப் போட்டாள். "எத்தனை பேரு வருவாங்க?"

"இருநூறு."

"கோயில் குரூப் மாதிரி."

மிஷினை ஓட்ட ஆரம்பித்தாள். "யோசிக்கிறேன்" என்றுகூடச் சொல்லவில்லை. நான் பதினோரு பக்கத்தைத் தலையணைக்கு அடியில் வைத்துப் படுத்தேன். பரீட்சைக்கு முன் புத்தகத்தை வைத்துப் படுக்கிற பிள்ளை மாதிரி.

அக்டோபர் 15, புதன்

வெயில். முப்பத்தொரு ப்ளௌஸ் முடிந்தது. லூர்து அக்கா குப்பைப் பையில் போட்டுக் கொண்டுபோய் பிரிக்பீல்ட்ஸில் கொடுக்கிறார். கறுப்புப் பை, மேலே பழைய செய்தித்தாள். "யாரும் குப்பையைத் திறந்து பார்க்கமாட்டாங்க டீச்சர். என்னையும்தான்."

வீட்டுக்காரர் போன். குரூப்பிலிருந்து விலகிவிட்டாராம். பெருச்சாளியின் அண்ணனிடம் நேரில் போய், "உன் தம்பி அந்தப் பக்கம் போனா நான் மொதல்ல போலீஸுக்குப் போவேன்" என்று சொன்னாராம். அவன் என்ன சொன்னான் என்றேன். "பொம்பள பேச்சைக் கேட்டு ஆடுறியான்னான். ஆமான்னேன்." பிறகு அவர் அரிசி எங்கே இருக்கிறது என்று கேட்டார்.

பட்டியலில் 5ஐ அடித்துவிட்டேன். 2 அப்படியே இருக்கிறது.

பதினோரு பக்கத்தை உரக்கப் படித்துப் பார்த்தேன், குளியலறையில், குழாயைத் திறந்துவிட்டு. நன்றாக இருக்கிறது. நன்றாக இருப்பதுதான் கோபத்தைக் கிளறுகிறது. எங்கே நிறுத்தினால் கூட்டம் அழும் என்று எனக்குத் தெரிகிறது. அவள் மணிக்கட்டு வரும் இடத்தில் நிறுத்த வேண்டும். பருத்திச் சேலைக்கும் அது தெரிந்திருக்கும்.

அக்டோபர் 16, வியாழன்

மணி 2.20. மூன்றுக்கு மேடை. கீழே மண்டபத்தில் மைக் சோதனை, இங்கே ஜன்னல் வரை கேட்கிறது. தீபாவளிக்குத் தைத்த என் ப்ளௌஸ் கையில் சரியாக இருக்கிறது. இரண்டு இன்ச் போதவில்லை என்று அவளே மூன்று விட்டிருக்கிறாள்.

அவள் முப்பத்தைந்தாவது ப்ளௌஸுக்குப் பட்டி குத்துகிறாள். வாயில் குண்டூசி.

மூன்றாவது தடவை கேட்க வேண்டும். கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து காத்திருந்தேன். கையில் பதினோரு பக்கம். மைக்கில் யாரோ ஒன்று, இரண்டு, மூன்று என்றார்கள். ஆயிஷா கதவைத் தட்டினாள், "காக், எல்லாரும் வந்துட்டாங்க." இருக்கட்டும் என்றேன். இஞ்சி நிமிர்ந்து என்னைப் பார்த்தாள், நான் எதற்கு உட்கார்ந்திருக்கிறேன் என்று புரிந்துகொண்டாள். ஊசிகளை ஒவ்வொன்றாக வாயிலிருந்து எடுத்துப் பஞ்சுத் திண்டில் குத்தினாள். அவசரமே இல்லை. ஐந்து. ஒன்றை மட்டும் விரலில் வைத்துக்கொண்டாள்.

"கேளுங்க."

"பேசலாமா?"

"வேணாம் அக்கா."

"சரி."

"கோவமா?"

"இல்ல."

இருக்கிறது. பதினோரு பக்கம்! ஆனால் அவள் மேல் இல்லை.

"எந்திரிங்க. முந்தானை வழியுது." கையில் வைத்திருந்த ஊசியால் தோளில் மடிப்பைப் பிடித்துக் குத்தினாள். பக்கங்களை வாங்கி மேசை டிராயரில் வைத்து மூடினாள். அதன் மேல் மூன்று ப்ளௌஸ்.

2.50. இருநூறு பேர், இருபது நிமிடம், கையில் ஒன்றும் இல்லை. என்ன பேசப் போகிறேன்? வடை சாப்பிடப் போனதைச் சொல்லலாம். அது என்னுடையது.

வெளியே போனதும் உள்ளே தாழ் விழும் சத்தம் கேட்க வேண்டும். அதற்கப்புறம்தான் லிஃப்ட்.